22 சென்ட் கரிசல், பக்கத்தில் கண்மாய்: வீடு கட்ட வாங்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் உங்கள் மனைவியின் ஊரில், ஊரை விட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி, 2 ஏக்கர் 14 சென்ட் புஞ்சையிலிருந்து 22 சென்ட் பிரித்துத் தருகிறார்கள். கரிசல் மண். கொஞ்ச தூரத்தில் கண்மாய். ஒரு மண் பாதை வழியாகத்தான் போக வேண்டும். நிலத்தை ஒட்டி இரும்புக் கோபுரத்தில் உயரழுத்த மின்கம்பி போகிறது. பட்டாவில் நான்கு பேர் பெயர் இருக்கிறது. புரோக்கர் 'டாக்குமெண்ட் எல்லாம் கிளியர்' என்று சொல்லி இந்த வாரமே இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். ஐந்து வருடத்தில் ஓய்வு பெற்றதும் அங்கே வீடு கட்டிக் குடிபோக நினைக்கிறீர்கள். 'எந்தெந்தப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தால் உண்மையான கேள்வி வேறு: இந்த இடத்தில் ஒரு வீட்டைக் கட்டி, வயதான காலத்தில் தொல்லையில்லாமல் இருக்க முடியுமா? பத்திரம் சுத்தமாக இருந்தும் வீட்டுக்கு லாயக்கில்லாத நிலம் எத்தனையோ உண்டு. அதனால் பத்திரத்துக்கு அப்புறம் வருகிறேன்.

நான் சிவில் படித்து, விருதுநகர், மதுரை, சிவகங்கை மாவட்டக் கிராமங்களில் நீண்ட காலமாக வீடு கட்டித் தரும் வேலையில் இருப்பவன். மண், தண்ணீர், அஸ்திவாரம், அளவு இவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். பத்திர விஷயம் வேலையோடு வேலையாகப் பார்த்துப் பழகியது. நான் வக்கீல் இல்லை, அந்தப் பகுதியில் நான் சொல்வதை ஒரு சிவில் வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் நிலத்தை நான் பார்த்ததும் இல்லை. அதனால் 'வாங்குங்கள்', 'வேண்டாம்' என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன், எதை எந்த வரிசையில் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும் என்று சொல்கிறேன்.

வரிசை ரொம்ப முக்கியம். நிலத்தில் இரண்டு வகைக் குறை உண்டு. பணம் போட்டால் சரியாகிற குறை ஒன்று, எவ்வளவு போட்டாலும் சரியாகாத குறை இன்னொன்று. கரிசல் மண் முதல் வகை. உப்புத் தண்ணீரும் ஓரளவு முதல் வகை. பாதை இல்லாத நிலம், வெள்ளம் வரும் தாழ்வு, அரசுக்கோ கோயிலுக்கோ சொந்தமான இடம், மின்கோபுரப் பாதை, இவையெல்லாம் இரண்டாவது வகை. இரண்டாவது வகையை முதலில் பார்த்துவிடுங்கள், அதில் ஒன்று தட்டினாலும் மற்றதைப் பார்க்க அலைய வேண்டியதில்லை. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மண்ணைப் பார்த்துப் பயந்து விலையைக் குறைக்கப் பேசுகிறார்கள், பாதை யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பாதையிலிருந்து ஆரம்பிப்போம். அந்த மண் பாதை அரசுப் பாதையா, யாருடைய பட்டா நிலத்திலாவது வழக்கமாக நடந்து நடந்து உண்டான தடமா? இதை ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் படத்தில் பாருங்கள். தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் புல எண்ணை (சர்வே நம்பர்) கொடுத்தால் புலப்படம், அதாவது எல்லோரும் எஃப்எம்பி என்று சொல்வது, கிடைக்கும். உங்கள் புலத்துக்கு மட்டும் எடுத்தால் போதாது, தார் ரோட்டிலிருந்து உங்கள் நிலம் வரை பாதை கடக்கிற எல்லாப் புலத்துக்கும் எடுங்கள். பாதை தனிப் புல எண்ணாகவோ தனி உட்பிரிவாகவோ இருந்து, ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் ஏ பதிவேட்டில் 'வண்டிப்பாதை' என்று இருந்தால் அது அரசுப் பாதை, கவலை இல்லை. பாதை இன்னொருவர் பட்டாவுக்குள் போகிறது என்றால் அவர் இன்றைக்கு நல்லவராக இருக்கலாம், அவருடைய பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது கம்பி வேலி போட்டுவிடுவார்கள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 வருடம் தடையில்லாமல் உரிமையாகப் பயன்படுத்திய வழிக்கு உரிமை கோரலாம் என்பது உண்மைதான். ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபித்து வாங்க வேண்டும், வீட்டு வேலை பாதியில் நிற்கும்போது அது உங்களுக்கு உதவாது.

பாதையின் ஒரு பகுதி விற்பவருடைய மீதி நிலத்துக்குள் போனால் அதற்கு வழி இருக்கிறது. கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே, இத்தனை அடி அகலப் பாதை, இந்தத் திசையிலிருந்து இந்தத் திசைக்கு, நடக்க, வண்டி வாகனம் போக, தண்ணீர்க் குழாய் பதிக்க, மின்கம்பி கொண்டுபோக உரிமை உண்டு என்று எழுதி, வரைபடம் போட்டு, அதில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். 'நடைபாதை உரிமை' என்று மட்டும் எழுதிவிட்டு அப்புறம் செங்கல் லாரி வரும்போது தகராறு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். டிப்பர் லாரி திரும்புகிற அளவுக்கு அகலம் இருக்கிறதா என்று நடந்து பார்க்காதீர்கள், ஒரு லாரி டிரைவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அடுத்தது கண்மாய். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பக்கம் வருடத்தில் பாதிக்கு மேல் கண்மாய் காய்ந்து கிடக்கும், காய்ந்து கிடப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் நிலம் வாங்குகிறார்கள். உங்கள் நிலம் கரைக்கு வெளியே, கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டுப் பக்கம் இருக்கிறதா, உள்ளே நீர் தேங்கும் பக்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டுக்கும் பார்க்க வேண்டியது வேறு. நீர் தேங்கும் பக்கம் என்றால், கண்மாய் நிரம்பும்போது தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறும் என்பதைக் கலிங்கு, அதாவது மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறக் கட்டிய தடுப்பு, தீர்மானிக்கிறது. கலிங்கின் மேல்விளிம்பைத் தாண்டிய பிறகுதான் தண்ணீர் வெளியே போகும். ஆகவே ஒரு என்ஜினியரையோ சர்வேயரையோ கூட்டிப்போய், லெவல் கருவி வைத்து, கலிங்கின் மேல்விளிம்பிலிருந்து உங்கள் நிலம் வரை மட்டம் எடுக்கச் சொல்லுங்கள். அதிக நேரம் பிடிக்காத வேலை. நிலம் கலிங்கு மட்டத்தை விடத் தாழ்வாக இருந்தால், கண்மாய் நிரம்பிய அன்று அந்த நிலம் தண்ணீருக்குள் இருக்கும், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பக்கத்தில், பட்டா நிலங்கள் இருப்பது நம் பக்கம் சகஜம், பட்டா இருப்பதால் தண்ணீர் வராமல் போய்விடாது. மட்டம் சமமாக இருந்தாலும் போதாது, பெருமழையில் கலிங்குக்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்துக்குத் தண்ணீர் போகும்.

கரைக்கு வெளிப்பக்கம் என்றால் கலிங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். அந்த ஓடை படத்தில் ஒரு புல எண்ணாக இருக்கும், தரையில் தூர்ந்து போய், சீமைக்கருவேலம் மண்டி, இருப்பதே தெரியாமல் கிடக்கும். மழை வரும்போது தண்ணீர் அதே வழியைத்தான் தேடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கண்மாயும் குளமும் உடைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் தண்ணீரே பார்க்காத இடங்களிலெல்லாம் வீட்டுக்குள் புகுந்தது. அருப்புக்கோட்டைக்கும் அந்த ஊர்களுக்கும் அதிக தூரமில்லை. அப்படி ஒரு மழை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, வந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

தண்ணீரைப் பற்றித் தரையிலேயே அடையாளம் இருக்கும். நிலத்தில் கோரைப்புல் கூட்டமாக முளைத்திருந்தால் அங்கே தண்ணீர் நின்று வடிகிறது என்று அர்த்தம். தார் ரோட்டில் குழாய்ப் பாலம் எங்கே போட்டிருக்கிறார்கள், அதன் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள், நெடுஞ்சாலைக்காரர்கள் தண்ணீர் வராத இடத்தில் பாலம் கட்ட மாட்டார்கள். பக்கத்து வேலி முள்ளில், மரத்தின் அடியில் சருகும் பாலிதீனும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று கவனியுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படத்தைத் திருப்பிப் பார்க்கலாம், நல்ல மழை பெய்த வருடத்தின் டிசம்பர், ஜனவரிப் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கண்மாயில் மடை திறந்து தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சியையும் அங்கே ஆடு மேய்ப்பவர்களையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். புரோக்கர் கூட இல்லாத நேரத்தில் போங்கள். 'நல்ல நிலமா' என்று கேட்டால் நல்ல நிலம் என்றுதான் சொல்வார்கள். 'கண்மாய் கடைசியாக எப்போது நிரம்பி மறுகால் பாய்ந்தது, அன்றைக்கு இங்கே தண்ணீர் எதுவரை நின்றது' என்று கேளுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை என நிலத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஐந்து வருடம் கழித்துத்தான் கட்டப்போகிறீர்கள், ஒரு மழைக்காலம் காத்திருக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

இனி நிலத்தின் வகைப்பாடு. பட்டாவும் சிட்டாவும் எல்லோரும் பார்ப்பார்கள், ஏ பதிவேட்டை விட்டுவிடுவார்கள். அதில்தான் அந்தப் புல எண் ரயத்துவாரி பட்டா நிலமா (தனியாருக்குச் சொந்தமானது), புறம்போக்கா, நஞ்சையா, புஞ்சையா என்பதோடு கடைசிக் கட்டத்தில் குறிப்பும் இருக்கும். அரசு நிபந்தனையோடு கொடுத்த நிபந்தனைப் பட்டா, பூமிதான நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் என்றால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். பஞ்சமி நிலமும் அப்படித்தான். 1892க்குப் பிறகு பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தை வேறு சமூகத்தார் வாங்கினால் அந்தக் கிரையம் செல்லாது. சட்டத்தை விடுங்கள், அது அவர்களிடமிருந்து பறிபோன நிலம், அதில் வீடு கட்டுவது நியாயமும் இல்லை. இன்றைய ஏ பதிவேடு 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை, யுடிஆர் என்பார்களே அதை, அடிப்படையாகக் கொண்டது. அந்த வேலையில் பெயர் மாறியது, அளவு மாறியது, வகைப்பாடு மாறியது என ஏகப்பட்ட பிழைகள் உண்டு. ஆகவே அதற்கு முந்தைய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலையும் வாங்கி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழையதில் ஓடை, மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), கண்மாய் என்று இருந்து இப்போது பட்டாவாக இருந்தால் நான் தொட மாட்டேன். நீர்நிலை விஷயத்தில் கோர்ட்டுகள் இப்போது கண்டிப்பாக இருக்கின்றன, பட்டா இருக்கிறது, வரி கட்டினேன், கரண்ட் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடுவது கஷ்டம்.

உரிமை விஷயத்தில் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அது மட்டுமே சொந்தத்தை நிரூபிக்காது. பத்திரம் பதிவானதும் அதே போலத்தான், சார்பதிவாளர் யாருடைய உரிமைக்கும் உத்தரவாதம் தருவதில்லை. உங்கள் விஷயத்தில் பட்டாவில் நான்கு பேர். அவர்களில் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்று வேண்டும், வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் தம்பிகள் பெயரை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அக்கா தங்கைகளைக் கேளுங்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989லேயே, அன்றைக்குத் திருமணமாகாதவர்களுக்கு வந்துவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது, அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. '2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் போட்டுப் பாகம் பிரித்துவிட்டோம்' என்றால் அந்தப் பத்திரத்தைக் காட்டட்டும். 'வாய்வழியாகப் பிரித்துக்கொண்டோம், ஊருக்கே தெரியும்' என்றால் நான்கு குடும்பமும் வந்து கையெழுத்துப் போடட்டும். 'தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டாச்சு' என்ற பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. மைனர் யாராவது இருந்தால், அந்தப் பங்கை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டுமா என்று வக்கீலைக் கேட்காமல் நகராதீர்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல் கிடைக்கிறது, அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். ஆனால் பதிவானது மட்டும்தான் வில்லங்கத்தில் வரும். பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் கோர்ட் வழக்கு, கைமாற்றாக வாங்கிய கடன் எதுவும் அதில் தெரியாது. அதனால்தான் மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது. அசல் கையில் இல்லை என்றால் அது எங்கே அடகில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அளவு. 22 சென்ட் என்றால் ஒரு சென்ட் 435.6 சதுர அடி கணக்கில் சுமார் 9,580 சதுர அடி, பட்டாவில் எழுதும் ஹெக்டேர், ஏர் கணக்கில் 0.08.90, அதாவது 0 ஹெக்டேர் 8.90 ஏர். மொத்த நிலம் 2 ஏக்கர் 14 சென்ட், அது பட்டாவில் 0.86.60 ஹெக்டேர் என்று இருக்க வேண்டும். இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பத்திரத்தில் ஒன்றும் பட்டாவில் இன்னொன்றும் இருப்பது சாதாரணமாக நடப்பது. அப்புறம் அரசு சர்வேயரை முறைப்படி பணம் கட்டி வரவழைத்து, பக்கத்து நிலத்துக்காரர்களை வைத்துக்கொண்டு அளந்து கல் நடச் சொல்லுங்கள். முடிந்தால் கிரையத்துக்கு முன்பே விற்பவர்கள் பெயரில் உட்பிரிவு செய்து, அந்த 22 சென்ட்டுக்குத் தனி எண் வாங்கிவிடச் சொல்லுங்கள். கொஞ்சம் தாமதமாகும். ஆனால் கூட்டுப் பட்டாவில் 'வடகிழக்குப் பகுதியில் 22 சென்ட்' என்று எழுதி வாங்கிவிட்டு, அந்த வடகிழக்கு எங்கே முடிகிறது என்று பின்னால் சண்டை போடுவதை விட அது எவ்வளவோ மேல்.

வீடு கட்ட அனுமதி என்ற இடத்தில்தான் வெளியூரில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் புதிதாக மனையாகப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுகிறது. புரோக்கர் 'விவசாய நிலமாகப் பதிந்துவிடலாம், பஞ்சாயத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்பார். பதிவு நடந்துவிடும் என்பது வேறு, வீட்டுக்கு வரைபட அனுமதி கிடைக்கும் என்பது வேறு. விவசாய நிலத்தில் வீடு கட்ட முறையாக நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும். நகர் ஊரமைப்புத் திட்டப் பகுதிக்குள் வருகிறதா வெளியேயா, நஞ்சையா புஞ்சையா என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும், உங்களுடையது புஞ்சை என்பது நல்லதுதான். புல எண்ணோடு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கே போய், இந்த இடத்தில் தனி வீட்டுக்கு அனுமதி கிடைக்குமா, பாதை எத்தனை அடி அகலம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைப் பற்றிச் சொல்லி 'இப்போதெல்லாம் அனுமதியே வேண்டாம்' என்பார்கள். அது 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, உங்கள் 22 சென்ட் அந்த வரம்புக்குள் வராது. வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். கடன் கேட்கப்போகும் வங்கியிலேயே இந்த ஆவணங்களைக் காட்டி, இந்த இடத்துக்குக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். அவர்கள் மறுத்தால் காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு இலவச ஆலோசனை.

மின்கோபுரம் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அது எத்தனை கிலோவோல்ட் என்று துணைமின்நிலையத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 110 கிலோவோல்ட் என்றால் கம்பிப் பாதையின் அகலம் 22 மீட்டர், 220 என்றால் 35 மீட்டர், அதற்குள் வீடு கட்ட முடியாது. 22 மீட்டரில் பாதி 11 மீட்டர், கிட்டத்தட்ட 36 அடி. உங்கள் மனை 80க்கு 120 அடி என்று வைத்துக்கொள்வோம். கோபுரப் பாதையின் நடுக்கோடு 120 அடிப் பக்கத்து எல்லையிலேயே ஓடினால், 80 அடியில் 36 அடி கட்ட முடியாத இடமாகப் போய்விடும். 22 சென்ட்டுக்குப் பணம் கொடுத்து 12 சென்ட்டில் கட்டுகிற கதை. 220 என்றால் இன்னும் மோசம். இதை அளந்துவிட்டு விலை பேசுங்கள், அல்லது அதே 2 ஏக்கரில் கம்பிக்கு எதிர்ப்பக்கம் உள்ள 22 சென்ட்டைக் கேளுங்கள். இன்னொன்று, அந்த நிலத்துக் கிணற்றில் இலவச விவசாய மின்சாரம் இருக்கிறது, அதிலேயே வீட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம் என்றால் கேட்காதீர்கள். கட்டுமானத்துக்குத் தனியாகத் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும்.

இதெல்லாம் தாண்டிவிட்டால் மண்ணுக்கு வரலாம். கரிசல் என்றதும் பயப்பட வேண்டாம், அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு கட்டினால் வீடு நிற்கும். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழைகிற அளவு வெடிப்பு விடுகிற மண்ணில் மூன்றடி வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி, கருங்கல் போட்டுச் சுவர் எழுப்பினால், ஒரு மூலை உயர்ந்து மறு மூலை இறங்கி, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். மழைக்காலத்தில் கதவு இறுக்கும், கோடையில் தளரும். அந்த ஊரில் பத்துப் பதினைந்து வருடம் ஆன காரை வீடுகளைப் போய்ப் பாருங்கள். விரிசல் இல்லாத வீட்டைக் கண்டால் அந்த வீட்டுக்காரரிடம் எத்தனை அடி தோண்டினீர்கள், அடியில் என்ன வந்தது என்று கேளுங்கள், கட்டிய கொத்தனார் இருந்தால் இன்னும் நல்லது.

கரிசலின் ஆழம்தான் செலவைத் தீர்மானிக்கிறது. விற்பவரிடம் அனுமதி வாங்கி, ஜேசிபியை ஒரு மணி நேரம் கொண்டுவந்து, வீடு வரும் இடத்தில் இரண்டு மூன்று குழி தோண்டிப் பாருங்கள். நான்கைந்து அடியில் கெட்டியான சுக்கான் மண்ணோ சரளையோ வந்துவிட்டால், அதுவரை தோண்டி அதன் மேல் அஸ்திவாரத்தை உட்கார வைக்கலாம், கூடுதல் செலவு தாங்கக்கூடியது. எட்டு, பத்து அடி தோண்டியும் கறுப்பாகவே வந்தால், அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், போட்டு மேலே பீம் ஓட்டிக் கட்ட வேண்டியிருக்கும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. ஆழமான கரிசலில் சுமார் மூன்றரை மீட்டர் வரை இறக்குவார்கள், அந்த ஆழத்துக்குக் கீழே ஈரம் மழைக்கும் வெயிலுக்கும் அதிகம் மாறாது என்பதுதான் காரணம். குழியிலிருந்து மண் எடுத்து ஆய்வகத்தில் உப்பும் தன்மை பார்க்கச் சொல்லுங்கள், 50 சதவீதத்துக்கு மேல் வந்தால் என்ஜினியர் வடிவமைக்காமல் கொத்தனார் கணக்கில் அஸ்திவாரம் போடக் கூடாது. குழியில் பழைய செங்கல், சாம்பல், குப்பை வந்தால் உஷாராகுங்கள், மூடிய கிணறோ பள்ளமோ இருக்கலாம். அங்கே மட்டும் வீடு வராமல் தள்ளிப் போட்டுவிட வேண்டும்.

நிலத்தடித் தண்ணீர் விஷயத்தில் மட்டும் யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சரி. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. பாறை வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், இல்லையென்றால் இல்லை. பக்கத்து வயலில் 300 அடியில் பொங்கியது, இங்கே 700 அடியிலும் புகைதான் வந்தது என்பது நடக்கும். தேங்காய் வைத்துப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. தரைக்குள் மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளந்து பார்க்கும் நிலவியல் ஆட்கள் அதை விட நல்ல துணை, ஆனால் அவர்களும் வாய்ப்பு எங்கே அதிகம் என்றுதான் சொல்ல முடியும். சுற்றியுள்ள நான்கைந்து போர்வெல்களின் ஆழமும் மே மாத நிலைமையும் கேட்டுக்கொள்ளுங்கள். அளவை விடத் தரம் நம் கரிசல் பக்கம் பெரிய பிரச்சினை. பக்கத்துப் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. ஃப்ளோரைடு 1க்குள், அதிகபட்சம் 1.5. குடிக்க வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாலும் கட்டுமானத்துக்கு எந்தத் தண்ணீர் என்று யோசியுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடித்து, சில வருடத்திலேயே கான்கிரீட் உதிர ஆரம்பிக்கும். அப்படியானால் லாரித் தண்ணீர்ச் செலவை இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மற்றவை சீக்கிரம். சுற்றுவட்டத்தில் கல்குவாரி, கோழிப்பண்ணை, செங்கல் சூளை இருக்கிறதா, மயானத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் போகிற பாதை உங்கள் நிலத்தைத் தொடுகிறதா, ரோடு அகலப்படுத்தவோ எரிவாயுக் குழாய்க்கோ நில எடுப்பு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு முறை அந்தப் பாதையில் போய்ப் பாருங்கள். உங்கள் மனைவி அந்த ஊர்க்காரர், நிலத்தை விடவும் அந்தப் பாதையில் தனியாக வந்துபோக முடியுமா என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார், அவரைக் கூட்டிப்போங்கள்.

கடைசியாக அட்வான்ஸ். இந்த வாரம் கொடுக்க வேண்டாம். வேறு ஆள் வந்துவிடுவார் என்று அவசரப்படுத்தினால் வரட்டும். நம்பிக்கைக்காக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு தொகையாக, வங்கி வழியாக, பட்டாவில் உள்ள நான்கு பேரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் மேல் மட்டும் கொடுங்கள். அளந்து கல் நட்டு, பாதை உரிமையைப் பத்திரத்தில் எழுதச் சம்மதித்தால்தான் கிரையம், உரிமையில் குறை தெரிந்தால் பணம் திரும்ப வரும் என்று அதில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவும் செய்யுங்கள். செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்குள் வரும் சொத்தை மனைவி பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. வாங்கிய பிறகு ஐந்து வருடம் சும்மா போட்டுவிடாதீர்கள். பட்டா மாற்றி, கல் நட்டு வேலி போட்டு, வருடம் ஒரு முறையாவது போய் வாருங்கள்.

முதலில் புலப்படத்தையும் ஏ பதிவேட்டையும் எடுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, பாதை எந்தப் புலங்களில் போகிறது, கண்மாய்க் கரைக்கு எந்தப் பக்கம், கோபுரம் எத்தனை கிலோவோல்ட் என்ற மூன்றை மட்டும் எழுதினீர்கள் என்றால், மேற்கொண்டு குழி தோண்டுகிற செலவுக்குப் போகலாமா என்று சொல்கிறேன்.